"பாசிட்டிவ்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்

கேள்வி: எனக்கு வயது 39. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். மார்க்கெட்டில் காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறேன். மக்களைத் தேடி மருத்துவத்திலிருந்து வீட்டுக்கு வரும் அக்கா, பிரஷர், சுகர் பார்த்துவிட்டு, "முப்பது வயசுக்கு மேல எல்லாரும் பாக்கணும், பி.எச்.சி.க்கு வா" என்று கூப்பிட்டார். போனேன். உள்ளே கருவி வைத்து, ஏதோ மருந்து தடவிப் பார்த்தார்கள். "பாசிட்டிவ், திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். என்ன சோதனை என்று கேட்டால், "அங்க சொல்லுவாங்க" என்றார்கள். எனக்குப் புற்றுநோயா? மாமியார், "நீ என்ன தப்பு பண்ணுனியோ" என்கிறார். வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தெரிந்தவர் ஒருவர், தனியாரில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்கிறார். இதற்கிடையில், ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு இதே நோய்க்குத் தடுப்பூசி போட, பள்ளியிலிருந்து சம்மதக் கடிதம் வந்திருக்கிறது. ஊசி போட்டால் பின்னால் குழந்தை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. கையெழுத்துப் போடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மீதி எதுவும் உங்கள் காதில் ஏறாது. உங்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதை முடிவாகச் சொல்லும் சோதனையை உங்களுக்கு இன்னும் செய்யவே இல்லை. வருகிற எல்லாப் பெண்களிலும் யாரைக் கொஞ்சம் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று சலித்தெடுக்கிற சோதனைதான் நடந்திருக்கிறது.

கருவியால் கர்ப்பப்பை வாயைக் கண்ணுக்குத் தெரிய வைத்து, பஞ்சில் நனைத்த அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான், 3 முதல் 5 சதவீதம். ஒரு நிமிடம் பொறுத்தால், செல்கள் மாறியிருக்கும் இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். இதற்கு வி.ஐ.ஏ. சோதனை என்று பெயர். வெள்ளை தெரிந்தால் பாசிட்டிவ். சிக்கல் என்னவென்றால், வெறும் அழற்சி இருந்தாலும் வெள்ளை தெரியும், புண் ஆறிக்கொண்டிருந்தாலும் தெரியும். பிற்காலத்தில் புற்றுநோயாகக்கூடிய மாற்றம் இருந்தாலும் தெரியும். எது என்று நர்ஸால் அங்கேயே சொல்ல முடியாது. அதற்காகத்தான் அந்தச் சீட்டு.

இந்தச் சோதனைக்கும் உங்கள் பகுதிக்கும் பழைய உறவு உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அம்பிளிக்கை கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமூக நல மையமும், பிரான்சின் லியோன் நகரில் உள்ள சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டு வாக்கில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. ஆர். சங்கரநாராயணன் என்ற மருத்துவர் தலைமை. 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். செவிலியர்களே வினிகர் தடவிப் பார்த்தார்கள். 3,088 பேருக்குப் பாசிட்டிவ். அதாவது கிட்டத்தட்ட பத்தில் ஒருவர். ஆனால் 2006 வரை அந்த 49,311 பேரில், சோதனைக்கு வராதவர்களையும் சேர்த்து, புற்றுநோய் வந்தது 167 பேருக்கு. பாசிட்டிவ் என்ற சொல்லுக்கும் புற்றுநோய்க்கும் எவ்வளவு தூரம் என்பதை இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழைக்கப்பட்ட ஊர்களில் இந்த நோயால் இறந்தவர்கள், மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு. 2007இல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பெரிய லேப் இல்லாமல், பஞ்சும் வினிகரும் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும் இருந்தால் உயிரைக் காப்பாற்றலாம் என்பதற்கு முதல் உறுதியான சாட்சி அதுதான்.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த ஊர்களில் 30,958 பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஆய்வின் சார்பில் சோதனை செய்யப்படவில்லை. வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவ வசதி மட்டும்தான். அவர்களில் 158 பேருக்கு நோய் வந்தது, 92 பேர் இறந்தார்கள். அப்படி ஒரு குழுவைச் சோதிக்காமல் விட்டது சரியா, அந்தப் பெண்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்று பிற்பாடு மருத்துவ அறம் பேசும் இதழ்களில் கடுமையாக விவாதித்தார்கள். ஒப்பீடு இல்லாமல் அரசை நம்பவைத்திருக்க முடியாது என்பது ஒரு பக்கத்து வாதம். எனக்கு அது முழுதாகச் செரிப்பதில்லை. உங்கள் சோதனைக்குப் பின்னால் அந்தப் பெண்களும் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, மாமியாரின் கேள்விக்கு வருவோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஹெச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம். உறவு மூலம் பரவுவது உண்மை, அதை மறைத்துப் பேசுவதால்தான் சந்தேகம் வளர்கிறது. ஆனால் மிகச் சாதாரணமாகப் பரவும் வைரஸ் இது. திருமண வாழ்வில் இருக்கும் ஆண், பெண் பெரும்பாலோருக்கு எப்போதாவது ஒரு முறை வந்துபோயிருக்கும். ஓரிரு வருடத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். சிலரிடம் மட்டும் போகாமல் தங்கி, 15, 20 வருடம் கழித்துப் புற்றுநோயாக மாறலாம். யாரிடமிருந்து வந்தது, எந்த வருடம் வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கணவர் ஒருவரைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும். இன்னொன்று, உங்களுக்குச் செய்தது வைரஸ் சோதனையே இல்லை! வெள்ளைத் திட்டு தெரிந்ததை வைத்து உங்களுக்கு வைரஸ் இருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. பிறகு "தப்பு" எங்கிருந்து வந்தது? இந்தப் பத்தியை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள். திண்டுக்கல்லுக்கு அவரே கூட வந்தால் இன்னும் நல்லது.

மாமியாரிடம் பதிலுக்குச் சண்டை போட வேண்டாம், ஒரு கேள்வி கேளுங்கள்: மாதவிடாய் நின்ற பிறகு எப்போதாவது ரத்தம் பட்டிருக்கிறதா? ஒரு சொட்டு என்றாலும் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வயதில் வினிகர் சோதனை அவ்வளவாக உதவாது. பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடும். அவருக்கு வேறு சோதனை செய்வார்கள்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம். "அங்க சொல்லுவாங்க."

பல வருடமாகச் செவிலியர்களுக்கு இந்தச் சோதனையைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். அதனால் அந்த அறையில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வெளியே சுகர் மாத்திரைக்கு வரிசை. மேஜையில் ரெஜிஸ்டர், கையில் ஏற்ற வேண்டிய ஆன்லைன் பதிவு. இந்த மாதம் எத்தனை பேர் என்று மேலிடத்திலிருந்து போன். ஆகவே அந்த நர்ஸைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவரிடம் நாம் கேட்கிற கணக்கில்தான் கோளாறு. எத்தனை பேரைச் சோதித்தாய், எத்தனை பாசிட்டிவ், எத்தனை பேரை அனுப்பினாய் என்று கேட்கிறோம். போனவர்களில் எத்தனை பேருக்கு விஷயம் புரிந்தது என்பதற்கு அந்த ரெஜிஸ்டரில் கட்டமே கிடையாது.

இத்தனைக்கும் நேரம் இருக்கிறது. வினிகர் தடவிய பிறகு முழுசாக ஒரு நிமிடம் காத்தே ஆக வேண்டும். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். படுத்திருக்கிற பெண் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நிமிடத்தில் பேசுங்கள் என்றுதான் வகுப்பில் சொல்வேன்: "அக்கா, இது புற்றுநோய் இருக்கான்னு முடிவு சொல்ற சோதனை இல்ல. வெள்ளையா ஏதாவது தெரிஞ்சா, பெரிய ஆஸ்பத்திரில லென்ஸ் வச்சுப் பாப்பாங்க. அப்படித் தெரியறவங்க நிறையப் பேர் இருக்காங்க, முக்கால்வாசிப் பேருக்குப் பெருசா எதுவும் இருக்காது. இருந்தாலும் இப்பவே சரிபண்ணிடலாம். ஆனா போகாம மட்டும் இருந்துடாதீங்க." நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடம்தான் ஆகும். இதைவிட முக்கியம், கருவி வைப்பதற்கு முன்பே சோதனை எதற்கு என்று சொல்லி, செய்யலாமா என்று கேட்பது. உங்களிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

விளக்கத்தை நான் மரியாதைக்காக மட்டும் கேட்கவில்லை. அந்தத் திண்டுக்கல் ஆய்வில், இத்தனை ஆள்பலமும் வீடு வீடாக அலைந்த உழைப்பும் இருந்தும், லேசானதையும் சேர்த்து, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்த 1,874 பெண்களில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம்தான். மீதிப் பேர் நடுவழியில் நின்றுவிட்டார்கள். கூலி போகும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும், பிள்ளைகளை யார் பார்ப்பது என்று காரணங்கள் பல இருக்கும். அதோடு எதற்குப் போகிறோம் என்பதும் தெரியாவிட்டால், எந்தப் பெண் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்பாள்? சோதனை மட்டும் செய்துவிட்டுச் சிகிச்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால், அவளுக்கு அதனால் கிடைத்தது பயம் மட்டும்தான்.

தமிழ்நாடு இதில் மற்ற மாநிலங்களைவிட முன்னால் நிற்கிறது. 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். 2016இல் மத்திய அரசும் 30 வயதிலிருந்து 65 வரை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அப்படி இருந்தும், 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையாவது சோதித்துக்கொண்டவர்கள் சுமார் 10 சதவீதம்தான். நாடு முழுக்க எடுத்தால் 2 சதவீதம்கூட இல்லை. உங்கள் மாவட்டத்தில் அன்று ஆய்வுக்கு அழைத்தபோது நூற்றில் அறுபதுக்கு மேல் வந்தார்களே! ஆய்வுக்குப் பணமும் ஆளும் இருந்தது, ஒப்பிடுவது முழு நியாயமில்லைதான். ஆனாலும் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசி அழைத்தால் நம் பெண்கள் வருவார்கள் என்பது தெரிந்த பிறகு, "அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று நாம் மேடையில் பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

படித்த நாடுகளில் இது சரியாக நடக்கிறது என்றும் நினைத்துவிடாதீர்கள். அயர்லாந்தில் பிற்பாடு புற்றுநோய் வந்த பெண்களின் பழைய பரிசோதனைகளை மறுபடி எடுத்துப் பார்த்ததில், 221 பேருக்கு முன்பு சொன்ன முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. பெரும்பாலானவர்களிடம் அதைச் சொல்லவே இல்லை. விக்கி ஃபெலன் என்ற பெண் நீதிமன்றம் போய், வாயை மூடிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்த பிறகுதான் 2018இல் ஊருக்கே தெரிந்தது. அவர் 2022இல் அந்த நோயிலேயே இறந்தார்.

அடுத்தது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்ற யோசனை. சொன்னவர் நல்லதை நினைத்துத்தான் சொல்லியிருப்பார், ஆனால் கேட்காதீர்கள். என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பு கர்ப்பப்பையை எடுப்பது இரண்டு வகையிலும் தவறு. ஒன்றும் இல்லை என்றால் வீணாக ஒரு பெரிய ஆபரேஷன். உண்மையிலேயே புற்றுநோய் இருந்தால், சாதாரணமாகக் கர்ப்பப்பையை மட்டும் எடுப்பது போதாமல் போய், பிறகு செய்ய வேண்டிய சரியான சிகிச்சையும் சிக்கலாகும். சோதனைக்கு என்று கையெழுத்து வாங்கிவிட்டு, உள்ளே போனதும் "எடுத்துடலாம்மா" என்று வீட்டுக்காரரிடம் கேட்பதும் நடக்கிறது. அதற்கு இடம் இல்லை. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாக வேறு யாரும் சம்மதம் தர முடியாது. அந்த வழக்கில் மயக்கத்தில் இருந்த பெண்ணின் தாயிடம் கேட்டுவிட்டுத்தான் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்திருந்தார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும்தான் விதிவிலக்கு.

பெரியாஸ்பத்திரியில் என்ன நடக்கும்? மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். போவதற்கு முன் இரண்டு நாள் உறவும், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கால்போஸ்கோப் என்ற கருவி, பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், வெளியேதான் நிற்கும். மறுபடி அதே வினிகர். சந்தேகமான இடத்தில் அரிசி அளவுக்குச் சதை எடுப்பார்கள், சுருக்கென்று இருக்கும். ஓரிரு நாள் லேசாக ரத்தம் படலாம். அந்தச் சதையின் ரிப்போர்ட்தான் உண்மையான முடிவு. அது எப்போது வரும், நீங்களே வந்து வாங்க வேண்டுமா, போனில் சொல்வார்களா என்று கேட்டுக்கொண்டு, தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

லேசான மாற்றம் என்றால் பெரும்பாலும் தானே சரியாகும், ஒரு வருடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். கொஞ்சம் கூடுதல் என்றால் அந்த இடத்தை மட்டும் குளிரூட்டியோ சூடு வைத்தோ அழிப்பார்கள், அல்லது மரத்துப்போக ஊசி போட்டுச் சின்ன வளையத்தால் எடுப்பார்கள். அன்றே வீட்டுக்கு வரலாம். சில வாரம் தண்ணீர் போல வெள்ளைப்படும், ஒரு மாதம் உறவு வேண்டாம். ஒருவேளை புற்றுநோயாகவே இருந்தாலும், எந்தத் தொந்தரவும் தெரியாத நிலையில் கண்டுபிடிப்பது குணமாகும் வாய்ப்பு மிக அதிகமுள்ள கட்டம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

"நெகட்டிவ்" என்று வந்த உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் ஒன்று சொல்லுங்கள். அந்த முடிவு ஆயுளுக்கும் செல்லாது. ஐந்து வருடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நடுவில் உறவுக்குப் பின் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், மாதவிடாய்க்கு இடையில் ரத்தம் என்று எது வந்தாலும் ஐந்து வருடத்துக்குக் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

கடைசியாக மகளின் கடிதம். கையெழுத்துப் போடுங்கள் என்பது என் பதில். இந்த நோயில் பத்தில் ஏழுக்குக் காரணமான 16, 18 வகை வைரஸ்களை இந்த ஊசி தடுக்கிறது. வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்பு போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் சின்ன வயதில். சிக்கிம் 2018இலேயே பள்ளிகளில் போடத் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போடப்போவதாக 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். வெளியில் போட்டால் ஒரு டோஸே ஆயிரக்கணக்கில் ஆகும். குழந்தை பிறக்காது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் கோடிக்கணக்கான பெண்கள் போட்டுக்கொண்டு, அவர்களில் எத்தனையோ பேர் தாயாகவும் ஆகிவிட்டார்கள்.

வாட்ஸ்அப் பயத்துக்கு வேர் ஒன்று உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2009இல், அன்று ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஒரு திட்டமாக இந்த ஊசியைப் போட்டார்கள். ஏழு பெண் பிள்ளைகள் இறந்த செய்தி வந்து, 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களை ஊசியோடு தொடர்புபடுத்த முடியவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் சம்மதப் படிவங்களைப் பார்த்தபோது, ஏராளமானவற்றில் பெற்றோருக்குப் பதிலாக விடுதி வார்டன்களும் தலைமை ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசியில் பழுது காணாவிட்டாலும், சொல்லாமல் போட்டதால் வந்த அவநம்பிக்கை இந்தியாவில் இந்த ஊசியைப் பல வருடம் பின்னுக்குத் தள்ளியது. உங்களிடம் கடிதம் அனுப்பிக் கேட்கிறார்களே, அது அதற்குப் பிறகு வந்த நல்ல மாற்றம்.

கையெழுத்துப் போடுமுன் பள்ளியில் மூன்று விஷயம் கேளுங்கள். ஊசியின் பெயர் என்ன? இந்த வயதுக்கு ஒரு டோஸ் போதும் என்று உலக சுகாதார நிறுவனமே 2022இல் சொல்லியிருக்கிறது, இங்கே எத்தனை போடுகிறார்கள்? அன்று டாக்டர் இருப்பாரா? மகளுக்கு முன்பு ஏதாவது ஊசிக்கு ஒவ்வாமை வந்திருந்தால் படிவத்தில் எழுதுங்கள். அவளிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள், 14 வயதுக்குப் புரியும். ஊசி போட்டாலும் முப்பது வயதில் சோதனை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அன்று வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம், இந்த வயதுப் பிள்ளைகள் ஊசியைப் பார்த்தே மயங்கி விழுவது சகஜம். போட்ட பிறகு கால் மணி நேரமாவது உட்கார வைக்கச் சொல்லுங்கள். அன்று இரவு கை வலியோ லேசான காய்ச்சலோ இருந்தால் ஒரு பாராசிட்டமால் போதும்.